இத்தினி வருசம் இல்லாமதான ஓடிச்சி?

கேட்டவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. சத்துவாச்சாரி தாண்டி ஹைவே ஓரமாக இருக்கும் லாரிப் பட்டறையில், கிரீஸ் ஊறிப்போன பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, நான் ஆசையாகப் பிரித்துக் காட்டிய பார்சலைப் பார்த்தார் பாய். "இத்தினி வருசம் அது இல்லாமதான ஓடிச்சி? இப்ப இன்னாத்துக்கு?" அவ்வளவுதான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு டிப்பர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு வருடம் ஆகிறது. அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். எனக்குத்தான் இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

பார்சலில் இருந்தது இங்கிலாந்திலிருந்து வந்த முக்கால் அங்குலத் தடிமனுள்ள ஒரு வளைந்த எஃகுக் கம்பி. பட்டறைகளில் ஸ்டெபிளைசர் பார் என்பார்கள். கார் புத்தகங்களில் ஆன்டி ரோல் பார், அமெரிக்கர்களுக்கு ஸ்வே பார். பாய்க்கு எல்லாமே கம்பிதான், நானும் அப்படியே சொல்கிறேன். அதைப் போட வேண்டிய வண்டி 1964ஆம் வருட எம்ஜிபி, இரண்டு பேர் உட்காரும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த பெரியப்பா, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் 70களின் தொடக்கத்தில் மெட்ராஸில் வாங்கியது. மேல்கூரை துணி. வேலூரை வெயிலூர் என்று சொல்பவர்களுக்குப் புரியும், இந்த ஊரில் கூரையைத் திறந்துகொண்டு ஓட்ட வருடத்தில் இரண்டு மாதம் கிடைத்தால் அதிகம். மார்கழிக் காலையில் ஓட்டலாம். மற்ற மாதங்களில் ஷெட்டில் வைத்துத் துடைக்கலாம்.

இப்படி ஒரு வண்டியை வேலூரில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அம்பாசடர் புண்ணியத்தில். அம்பாசடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி என்ற இங்கிலாந்து கம்பெனியின் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். பாகங்களை அப்படியே தூக்கி மாட்ட முடியாது, ஆனால் கைக்குப் பழக்கம் ஒன்றுதான். 30 வருடம் அம்பாசடர் டாக்ஸிகளின் டேப்பெட் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்த காதுக்கு இந்த வண்டி அந்நியமில்லை. பாய் முதன்முதலில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்ம பையன்தான்" என்றார்.

வண்டியின் குறை என்று நான் நினைத்தது ஒன்றே ஒன்று. திருப்பத்தில் சாயும். சும்மா சாயாது, படுத்துக்கொண்டு திரும்பும். காட்பாடி பக்கம் ஒரு ரவுண்டானாவைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பக்கத்தில் இருப்பவர் கதவைப் பிடித்துக்கொள்வார். வீட்டில் ஊஞ்சல் இல்லாத குறை தீர்ந்தது என்பாள் என் மனைவி. பழைய கார் வைத்திருக்கும் சென்னை நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, முதலில் முன்பக்கம் கம்பி போடு, அப்புறம் பார் வித்தியாசத்தை.

கம்பி செய்யும் வேலை எளிமையானது. நனைந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திருப்பினால் துணி முழுசாகச் சுற்றும், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எதிரெதிராகத் திருப்பினால்தான் முறுக்கு ஏறும். கம்பியின் நடுப்பகுதி, புஷ் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்களில் சேசிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு முனைகளும் லிங்க் என்ற சின்ன இணைப்புத் துண்டு வழியாக இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் கீழ்க் கைகளைப் பிடித்திருக்கின்றன. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சுழன்று கொடுக்கும், குறுக்கே நிற்காது. திருப்பத்தில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்புக் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். கடையில் 9/16 அங்குலத்திலும் கிடைத்தது, 3/4 அங்குலத்திலும் கிடைத்தது. பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம், விறைப்பிலோ மூன்று மடங்குக்கும் மேல். எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்விக்கு முதல் பதிலை அடுத்த வாரமே எடுத்துக்கொண்டு போனேன். "பாய், கம்பெனியிலேயே இது உண்டு. நம் வண்டியில்தான் இல்லை." 1962இல் எம்ஜிபி வந்தபோது திறந்த மாடலில் இந்தக் கம்பி தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான். சில வருடம் கழித்து எல்லா வண்டியிலும் சேர்த்தார்கள். பிறகு 70களின் நடுவில் அமெரிக்க விதிகளுக்காகப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியின் உயரத்தையும் தூக்கினார்கள். உயரம் கூடினால் சாய்வும் கூடும், கம்பி கட்டாயம் வேண்டிய நேரம் அதுதான். செலவைக் குறைக்க அந்த நேரம் பார்த்தா அதைக் கழற்ற வேண்டும்! ஓட்டியவர்கள் திட்டித் தீர்த்தபின் 1977 மாடலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கதையை நான் உணர்ச்சியோடு சொல்லி முடித்தபோது பாய் நிதானமாகக் கேட்டார். "அப்ப கம்பெனிக்காரனே ரெண்டு தபா இல்லாம வித்துக்கீறான்?"

என் சாட்சி எனக்கு எதிராகவே திரும்பிவிட்டது.

படுத்துக்கொண்டு செய்த வேலை

கேள்வி கேட்டாரே தவிர, வேலையை வேண்டாம் என்று பாய் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை லாரி வேலை குறைந்த நேரம் பார்த்து வண்டியை உள்ளே விடச் சொன்னார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினோம். பிறகுதான் கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தார். இதுதான் பாயின் குணம். பல்வலி என்று போனால் நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர் மாதிரி.

கீழ்க் கைகளின் உள்பக்க ரப்பர் புஷ்கள் விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தன. எம்ஜிபியில் முன்பக்க ஷாக் அப்சார்பர் நாம் பார்க்கும் குழாய் வடிவத்தில் இருக்காது. எண்ணெய் நிரப்பிய உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளும் கைதான் சக்கரத்தின் மேல் கையும்கூட. அதன் மூடியைத் திறந்தால் வலது பக்கத்தில் எண்ணெய் பாதிக்கும் கீழே. "இது எண்ண குட்ச்சி எத்தினி வருசம் ஆவுது?" என்று என்னைக் கேட்டார். பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவர் இல்லை. புது புஷ் தட்டி ஏற்றினோம். ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது என்பதால் சோப்புத் தண்ணீர் போட்டோம். கடைசி இறுக்கல் சக்கரம் தரையில் இறங்கி வண்டியின் பாரம் முழுவதும் உட்கார்ந்த பிறகுதான். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி தரைக்கு வரும்போது முறுக்கிக் கிழியும். லாரியில் இதைச் சொல்லிக் கொடுக்கவே தனக்கு ஒரு அடி விழுந்தது என்றார் பாய், கூட வேலை செய்யும் பட்டறைப் பையனைப் பார்த்து.

கம்பிக்கு வருவோம். எங்கள் வண்டியின் சேசிஸில் அதைத் தாங்கும் பட்டையை மாட்ட மரையுள்ள துளை எதுவும் இல்லை. மரை வெட்டிய இரண்டு தட்டுகளை லேத் பட்டறையில் அடித்து வாங்கினோம். போல்ட்டெல்லாம் பழைய ஆங்கில அளவு. கடையில் கேட்டால் மில்லிமீட்டர் கணக்கில் எடுத்து நீட்டி, "மாட்டிப் பாருங்க சார், போய்டும்" என்பார்கள். போகும். திரும்பி வராது. பழைய அம்பாசடர் சாமான் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கொட்டி, பையன் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான்.

பட்டை ஏறியது. கம்பி ஏறியது. இடது லிங்க் மாட்டியது. அப்போதுதான் தெரிந்தது, அனுப்பியவர்கள் இரண்டு லிங்க்கையும் இடது பக்கத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். இதைப் பாயும் பையனும்தான் பார்த்தார்கள், நான் அந்த நேரம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாயங்காலம் வந்தபோது வண்டி தரையில் நின்றது. பாய் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். "முடிஞ்சிச்சா?" என்று கேட்டேன். "முடிஞ்சிச்சி சார்" என்றான் பையன்.

ஏலகிரி

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். டயரில் காற்று பிடித்து, பள்ளிகொண்டா டோலைத் தாண்டி, ஆம்பூரில் அந்நேரத்துக்கே அடுப்பேற்றியிருந்த ஒரு கடையில் டீ குடித்து, வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் திரும்பி, பொன்னேரியில் மலைப்பாதையைப் பிடித்தேன். ஏலகிரிக்குக் கொண்டை ஊசி வளைவு 14. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், புலவர்கள் பெயரெல்லாம் உண்டு. தமிழிலக்கியத்தை இரண்டாம் கியரில் கடப்பது ஒரு தனி சுகம்.

எப்படி இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். வண்டி மாறிப்போயிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே உள்ளே போனது. முன்னெல்லாம் திருப்பினால் முதலில் உடம்பு சாயும், சாய்ந்து முடித்து ஒரு மூச்சு விட்டுத்தான் வண்டி திரும்பும். அந்த இடைவெளியே இல்லை. வளைவுகளுக்கு நடுவே மலையை ஒட்டி வளைந்து போகும் நீளமான திருப்பங்களில் வண்டி தட்டையாக, தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. மேலே போய்ப் பலாப்பழக் கடை அருகே நிறுத்தி, கீழே பனியில் மூடிக்கிடந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டு சென்னை நண்பருக்குப் போன் செய்தேன். நான்காம் அடுக்கு, நான்காம் அடுக்கு என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னதாக ஞாபகம். இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கினேன்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போய், நின்ற நிலையிலேயே பாயிடம் ஒப்பித்தேன். "நீங்க கேட்டீங்களே, இப்ப எதுக்குன்னு. ஒருதடவ ஓட்டிப் பாருங்க. ரயில் மாதிரி போகுது. எல்லாம் அந்தக் கம்பி."

பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எந்தக் கம்பி தம்பி?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு பையனைப் பார்த்தார். பையன் ஸ்பேனரைப் பார்த்தான். "சோடி சேரலன்னு வலது பக்கம் கட்டி வெச்சிட்டுதான போனேன். சொல்லலியா நீ?" "புஷ்ஷு வேல முடிஞ்சிச்சின்னுதான் சொன்னேன்" என்றான் அவன். நான் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்துப் பார்த்தேன். கம்பியின் வலது முனை லிங்க் இல்லாமல், கீழே தட்டாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்று, அதுவும் தளர்வாக, கட்டப்பட்டிருந்தது. ஒரு முனை பிடியில்லாத கம்பிக்கு முறுக்கே ஏறாது. படுக்கை விரிப்பை ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டு பிழிவது மாதிரி. 14 வளைவு ஏறி 14 வளைவு இறங்கியதில் அந்த முக்கால் அங்குல எஃகு செய்தது, தன் எடையைச் சுமக்க வைத்தது மட்டும்தான். கட்டுக்கம்பி அறுந்து அது கண்ட இடத்தில் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியது ராத்திரி படுக்கும்போதுதான். பட்டறையில் தோன்றியது வெட்கம் மட்டுமே.

பாய் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிரித்திருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

அப்படியென்றால் ஏலகிரியில் நான் உணர்ந்தது என்ன? முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். உதிர்ந்த புஷ்ஷோடு ஓடிய வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தின் கை முதலில் அந்த ஓட்டைக்குள் ஆடி முடிக்கும், பிறகுதான் திரும்பும். நான் சொன்னேனே ஒரு மூச்சு, அதில் பாதி அதுதான். எண்ணெய் இல்லாத பெட்டி சாய்வின் அளவைக் கூட்டாது, ஆனால் சாய்வைத் தடுக்க ஆளில்லாமல் சட்டென்று விழ விடும். மெதுவாகச் சாய்ந்தால் உடம்புக்குத் தெரிவதில்லை, விழுந்தால்தான் தெரிகிறது. டயரில் காற்றும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பிடித்தேன். இவ்வளவும் உண்மையான மாற்றங்கள். ஆனால் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. "தட்டையாகப் போகிறது" என்று நான் நண்பரிடம் சொன்னேன் பாருங்கள், அது மட்டும் கலப்படமில்லாத கற்பனை. வண்டி எப்போதும் சாயும் அளவுக்கு அன்றும் சாய்ந்திருக்கும். காசு கொடுத்து வாங்கி, கப்பலேறி வந்து, சுங்கத்துக்கும் அழுத ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்று உடம்பு நம்ப மறுத்திருக்கிறது.

பெரியப்பா இந்த வண்டியை ஓட்டிய விதம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வண்டியைச் சாயவிட்டு, சாய்ந்து உட்கார்ந்த பிறகு ஆக்சிலேட்டரை மிதிப்பார். பயந்த ஓட்டு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். அவர் வண்டியின் புஷ் அப்போது புதிது. சாய்வு அவருக்கு ஒரு குறையாகவே பட்டிருக்காது.

சரியான லிங்க் வந்தபின்

வலது லிங்க் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. இந்தமுறை நானே அடியில் படுத்து மாட்டினேன், நானே இறுக்கினேன், இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். மறுபடி ஏலகிரி.

வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் முன்னால் கற்பனை செய்த அளவு இல்லை, கற்பனை செய்த இடத்திலும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுமே தெரியவில்லை, அந்த வேகத்தில் வண்டிக்குச் சாய என்ன இருக்கிறது. இடது வலது என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில்தான் தெரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வண்டி தூக்கிப் போடாமல் மாறியது. அது நன்றாக இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் போகப்போக இறுகும் ஒரு திருப்பத்தில் வேகத்தோடு நுழைந்தபோது, முன்பு உள்ளே போன மூக்கு இப்போது வெளியே தள்ளியது. காரணம் புத்தகத்தில் இருப்பதுதான். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை வண்டியின் உயரமும் அகலமும் வேகமும் தீர்மானிக்கின்றன. எந்தக் கம்பியும் அதைக் குறைக்காது. அந்தப் பாரத்தில் முன்பக்கத்தின் பங்கு எவ்வளவு, பின்பக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் கம்பி மாற்றுகிறது. முன்னால் தடித்த கம்பி போட்டால் முன்பக்க வெளிச்சக்கரம் அதிகம் சுமக்கும், அதிகம் சுமப்பது சீக்கிரம் பிடியை விடும். படித்து வைத்திருந்தேன். கையில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் நம் ஊர்த் தெருக்கள். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கம்பி அந்தச் செய்தியை அடுத்த சக்கரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பாகாயம் பக்கத்துத் தெருக்களில் வண்டி தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போகிறது, பரதநாட்டியத்தில் கழுத்தை வெட்டுவதுபோல. ஊஞ்சல் போய் இது வந்துவிட்டதா என்றாள் மனைவி. 3/4தான் வேண்டும் என்று நினைத்தவன், இப்போது 9/16க்கு எழுதிப்போட்டிருக்கிறேன். தடித்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னை நண்பர் கேட்கிறார், தந்துவிடுவேன். ஏலகிரி உச்சியிலிருந்து செய்த போனைப் பற்றி மட்டும் அவரிடம் இன்னும் பேசவில்லை.

போன மாதம் பாயை ஒருவழியாக ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். இவ்வளவு நாளாக என் வண்டியைப் பட்டறைக்குள் நகர்த்தியதைத் தவிர அவர் ஓட்டியதில்லை. லாரிக்காரருக்கு அந்த சீட்டில் உட்காருவது தரையில் சம்மணம் போடுவது மாதிரி. சர்வீஸ் ரோட்டில் போய், மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி, அந்தப் பக்கமாக வந்து, மறுபடி ஒரு சுற்றுப் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும் என்றிருந்தது.

இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"பிரேக்கு லெப்ட்ல இழுக்குது தம்பி. அத மொதல்ல பாக்கறதில்லியா நீ?"

ஓட்டிப் பார்த்தேன். இழுத்தது.